முந்நூற்றுப் பதினோரு வாசல்

இக்கதையை 1973ஆம் ஆண்டு, உப்பளங்கள் ஓய்ந்திருந்த கார்த்திகை மாதத்து முற்பகல் ஒன்றில், காரையம்பட்டினத்து உப்புக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது சீனியம்மாள் என்பவர் சொல்லக் கேட்டேன். அவர் தம் மாமியாரிடம் கேட்டவர். அந்த மாமியார், கதையில் வரும் வேலம்மையின் வழியில் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்தவர். இதே கதைக்கு வேறு இரண்டு வடிவங்கள் கிடைத்துள்ளன. நடுப்பகுதி வரை மூன்றும் ஏறத்தாழ ஒன்றே, முடிவில் பிரிகின்றன. இங்கே தருவது சீனியம்மாளின் வடிவம்.

டச்சுக்காரர் கொடி இறங்கி ஆங்கிலேயர் கொடி இன்னும் ஏறாமல், கோட்டைக் கொடிமரம் காகங்களுக்கு மட்டுமே பயன்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், மலையாளக் கரையிலிருந்து மிளகும் பவளமும் ஏற்றிவந்த பாய்மரத்தில் பதினான்கு யூதக் குடும்பங்கள் காரையம்பட்டினத்தில் வந்து இறங்கின. இறங்கியவர்கள் கீழத்தெருவில் வீடு பிடித்தார்கள், தெருக்கோடியில் இருந்த பழைய கிடங்கு ஒன்றுக்குச் சுண்ணாம்படித்துத் தொழுகைக் கூடமாக்கினார்கள், வழியெல்லாம் மடியில் வைத்தே கொண்டுவந்த, தங்கள் வேதமான தோராவின் சுருளை எருசலேம் இருக்கும் மேற்குத் திசைச் சுவரில் மாடம் அமைத்து வைத்தார்கள். ஊரார் அவர்களைப் பவளக்காரர் என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியதிலிருந்து சனிக்கிழமை அந்தியில் மூன்று விண்மீன் தெரியும்வரை அவர்கள் அடுப்புப் பற்றவைக்காமலும், தராசைத் தொடாமலும், வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் ஒரு கைக்குட்டையைக்கூடச் சுமக்காமலும் இருப்பதைப் பார்த்து, ஊர் முதல் மாதம் வியந்தது, இரண்டாம் மாதம் கேலி செய்தது, மூன்றாம் மாதம் சனிக்கிழமைகளில் அவர்களிடம் எதையும் கேட்டுப் போகாமலிருக்கப் பழகிக்கொண்டது.

அந்தப் பதினான்கு குடும்பங்களில் ஒன்று ஒபதியாவுடையது. ஒபதியா பவளம் கோப்பவர். மெலிந்தவர், மெதுவாகப் பேசுபவர், எதையும் இருமுறை சரிபார்க்காமல் விடாதவர். அவர் மனைவி சிம்ஹா அப்படியல்ல. அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு தேடுவதற்குள் அவள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். பாட்டென்றாலோ, கூடத்தில் பின்னல் தட்டிக்கு அப்பால் அமரும் பெண்கள் எல்லாரும் அவள் முதலடி எடுப்பதற்காகக் காத்திருப்பார்கள். வந்த முதலாண்டிலேயே அவள் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வாரத்தின் ஆறு நாளும் அவளை நாற்காலியோடு தூக்கி எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் அவள் போக விரும்பியது ஓய்வுநாளான ஏழாவது நாள் மட்டும், தோரா வாசிக்கும் கூடத்துக்கு மட்டும். சுமக்கக் கூடாத பொருள்களில் மனிதரும் அடக்கம். வீட்டிலிருந்து கூடத்துக்கு நூற்று நாற்பது அடி. அந்த நூற்று நாற்பது அடியை ஏழு ஆண்டுகள் அவள் சன்னலோரத்தில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபைக்கு மூத்தவரான நாத்தான் மூப்பர் கருணையற்றவர் அல்லர். ஓய்வுநாளில் ஒருவரைத் தெருவழியே சுமந்து செல்ல வழியுண்டா எனக் கேட்டுக் கொச்சியிலிருந்த அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். விடை கப்பலில் வந்தது. விடையில் மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றுக்கும் பதில் எழுதினார். அடுத்த பருவத்தில் ஐந்து கேள்விகள் வந்தன. தெரு எத்தனை முழ அகலம், நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, தூக்குவோர் இருவரா நால்வரா என்றெல்லாம் கடிதங்கள் கடலில் போவதும் வருவதுமாக ஏழு ஆண்டுகள் கழிந்து, ஏழாம் ஆண்டு ஆவணியில் முடிவான விடை வந்து சேர்ந்தது.

ஒரே வீட்டுக்குள் எதையும் எங்கும் சுமக்கலாம் என்றது அந்த விடை. இரண்டு கம்பங்களை நட்டு அவற்றின் தலைமேல் ஒரு கயிற்றைப் போட்டால் அது ஒரு வாசல். வாசல்களே வரிசையாகச் சூழ்ந்து நின்றால் அது சுவர். அந்தச் சுவருக்குள் வாழ்வோருக்குத் தலைவர் யாரோ அவரிடம் இடத்தைக் குத்தகைக்குப் பெற்று, எல்லாருக்கும் பொதுவாக ஒரு ரொட்டியைச் செய்து கூடத்தில் வைத்தால், சூழப்பட்ட ஊர் முழுவதும் ஒரே வீடு.

ஊருக்குத் தலைவர் மருதப்ப அம்பலம். நாத்தான் மூப்பரும் ஒபதியாவும் ஒரு கவுளி வெற்றிலையோடு அவரைப் பார்க்கப் போனார்கள்.

"ஊரச் சுத்திக் கயிறு கட்டணுமா?" என்றார் அம்பலம். "எதுக்குப்பா, ஊரு ஓடிப் போயிருமா?"

"ஓடாதுங்கய்யா," என்றார் ஒபதியா. "எங்க முறையில, கயித்துக்கு உள்ள இருக்குறது பூராவும் ஒரே வீடு."

"அப்ப நான்?"

"நீங்க வீட்டுக்குப் பெரியவங்க."

அம்பலத்துக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஏதோ நினைவு வந்து முகம் சுருங்கியது. "மேலத்தெரு செல்லையா?"

"அவுகளும் வீட்டு ஆளுதாங்கய்யா."

"அவனோட எனக்குப் பேச்சுவார்த்தை நின்னு பதினோரு வருசம் ஆச்சு. நானும் அவனும் ஒரே வீடா?"

"ஒரே வீட்டுக்குள்ள பேசாம இருக்குறது ஊருல புதுசா என்ன, ஐயா," என்றார் நாத்தான் மூப்பர்.

அம்பலம் சிரித்துவிட்டார். வெற்றிலையை வாங்கிக்கொண்டார். ஆண்டுக்கு ஒரு கவுளி வெற்றிலை குத்தகையாக, பத்து ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

துறைமுகத்து மரைக்காயர்களின் கப்பல் கயிறு வந்தது, பனங்கம்பங்கள் வந்தன, புரட்டாசி முழுவதும் ஊரைச் சுற்றிக் குழி தோண்டும் ஓசை கேட்டது. பெண்கள் ஓய்வுநாளிலும் தண்ணீர் எடுத்துவர வேண்டுமே என்று நாத்தான் மூப்பர் ஊருணியைக் கயிற்றுக்குள் வரும்படி வளைத்தார்; முந்நூற்றுப் பதினோரு வாசல்கள் ஆயின. கயிற்றின் இரண்டு நுனிகளும் வந்து சேர்ந்த இடத்தில், கடற்கரைப் பக்கத்துக் கடைசிக் கம்பத்தின் தலையில், ஒபதியா தம் கையாலேயே முடிச்சுப் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் ஊரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு வாசலையும் பார்த்து, எங்கும் அறுபடவில்லை, எங்கும் நழுவவில்லை என்று கூடத்தில் வந்து சொல்லும் பொறுப்பும் அவருக்கே தரப்பட்டது.

அந்த ஐப்பசி முதல் சனிக்கிழமை, நான்கு பேர் நாற்காலியைத் தூக்க, சிம்ஹா ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஓய்வுநாளில் தெருவுக்கு வந்தாள். நூற்று நாற்பது அடியைக் கடக்க ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று, ஏனென்றால் மூன்று அடிக்கு ஒருமுறை நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். தெருமுனையில் உப்பு விற்கும் வேலம்மை எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"யக்கா, சன்னல்ல பாத்த மொகம் வேற, இது வேற. சதை போட்டிருக்கீக."

"உக்காந்து தின்னா என்ன செய்யும்? நீதான் உன் சரக்கையே தின்னு வத்திப் போயிருக்க."

அன்று அவள் கூடத்தில் முதலடி எடுத்தபோது, பெண்கள் தொடர மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பர்.

கூடத்திலிருந்து திரும்பும் வழியில்தான் மழை வந்தது. கடலிலிருந்து எழுந்து, உப்பளங்களை நனைத்து, தாழம்புதர்களை நனைத்து, கயிறு வரை வந்து நின்றது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டியது. இந்தப் பக்கம் ஒரு துளி விழவில்லை. மேகம் ஊரின் தலைக்கு மேலே கறுத்துத் தொங்கியது, ஆனால் மழை முந்நூற்றுப் பதினோரு வாசல்களுக்கும் வெளியே நிமிர்ந்த பளிங்குச் சுவராக நின்று இரைந்தது. வீட்டுக்குள் மழை பெய்யாது. ஊர் அன்று வீடாக இருந்தது.

"வாசல்ல வந்து நின்னு, உள்ள வரலாமான்னு கேக்குது பாருங்க," என்றாள் வேலம்மை. சொல்லிவிட்டு, நனையாத உப்புக் குவியலின் மேலிருந்த ஓலையை எடுத்து மடித்துவைத்தாள்.

அந்தியில் மூன்று விண்மீன்களுக்கான நேரம் வந்ததும் மழை உள்ளே வந்தது. மறுநாள் எல்லா ஊரிலும் பெய்வதுபோல் பெய்தது. அடுத்த சனிக்கிழமை மீண்டும் வாசலில் நின்றது.

இதை ஊர் எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதைச் சீனியம்மாள் விரிவாகவே சொன்னார். சலவைத் தொழிலாளர் வாரத்துத் துணியையெல்லாம் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவைத்தார்கள். உப்பளத்தார் வெள்ளிக்கிழமை மாலையோடு உப்பை வண்டி வண்டியாகக் கயிற்றுக்குள் கொண்டுவந்து குவித்தார்கள். மரைக்காயர்கள் பாய் தைப்பதைச் சனிக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை கல்யாணத்துக்கு ஆகாத நாளாய்ப் போயிற்றே என்று பந்தல்காரர் மட்டும் வருந்தினார். தவளைகள் வெள்ளிக்கிழமை அந்தியில் வரிசையாகக் கயிற்றுக்கு வெளியே போய், ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பின. பிள்ளைகள் கம்பங்களுக்கு இடையில் நின்று, முழங்கை வரை வெளியே நீட்டி, நனைந்த கையையும் நனையாத தோளையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே, சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வருவோரும் உள்ளூராரும் செருப்பைக் கயிற்றோரத்தில் கழற்றிவிட்டு வரத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் யார் செருப்போடு நடப்பார்கள்? வண்டியோட்டிகள், கயிறு இரண்டாள் உயரத்தில் இருந்தபோதிலும், வாசலில் தலையைக் குனிந்துகொண்டார்கள். வடக்குத் தெருவில் மீன் பொரித்தால் தெற்குத் தெருவில், "எங்களுக்கு எங்கே?" என்று கேட்பது வழக்கமாயிற்று. வியந்தவர் உண்டா என்று சீனியம்மாளைக் கேட்டேன். "ஓட்டுக்குக் கீழ நனையலையேன்னு நீங்க வியந்தீகளா?" என்று திருப்பிக் கேட்டார்.

சிம்ஹா ஒவ்வொரு சனிக்கிழமையும் தெருவில் போனாள். கூடத்துக்கு என்றுதான் பெயர். ஆனால் ஒபதியாவுக்குத் தெரியும், அவள் முகம் ஒளிர்ந்தது கூடத்தில் மட்டுமன்று. யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், எந்தக் கப்பல் தாமதம், யாருடைய ஆடு யாருடைய கீரையைத் தின்றது என்பதையெல்லாம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லி, சண்டை மூட்டி, சண்டை தீர்த்து, மழைச் சுவர்களுக்கு நடுவே அவள் நாற்காலி போகும். ஒபதியா இரண்டடி பின்னால், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமை நடையை அவர் தொழுகை போலவே செய்தார்.

இரண்டாம் ஆண்டு மழை குறைந்தது. ஐப்பசியில் பெய்த மழை நான்கு; அவற்றில் மூன்று சனிக்கிழமைகளில் வந்தன. மூன்றும் கயிற்றுக்கு வெளியே நின்று பெய்து, சரிவில் இறங்கிக் கடலுக்குப் போயின. ஊருணியில் பத்துப் படிகள் தெரிந்தன, பிறகு பதினைந்து. கிணறுகள் எல்லாம் உவர்ப்பு. குடிக்க ஊருணி ஒன்றே. ஊருணியைக் கயிற்றுக்கு வெளியே விட்டுப் பார்க்கலாமென்று ஒபதியா ஒரு வாரம் கம்பங்களைப் பிடுங்கி மாற்றி நட்டார். மழை ஊருணியின் மேல் பெய்தது. கணுக்கால் நனையும் அளவு தேங்கியது. ஊருணி நிரம்புவது தன்மேல் விழும் மழையால் அன்று, ஊரின் கூரைகளிலும் தெருக்களிலும் விழுந்து ஓடிவரும் நீரால் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கம்பங்கள் பழைய இடத்துக்கே திரும்பின.

மருதப்ப அம்பலம் ஒருநாள் ஒபதியாவின் வீட்டுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிம்ஹா கொடுக்கச் சொன்னாள். செம்பில் பாதிதான் இருந்தது. அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருசத்துக்கு வாக்குக் குடுத்தவன் நான்," என்றார். "அவுத்து விடுன்னு என் வாயால வராது. ஊர்ல ஒருத்தனும் அந்தக் கயித்துல கைவைக்க மாட்டான், வைக்க நான் விடமாட்டேன். சும்மா தாகத்துக்கு வந்தேன்."

"தெரியுதுங்கய்யா," என்றார் ஒபதியா.

"நல்லா இருக்கியாம்மா?" என்று சிம்ஹாவைக் கேட்டுவிட்டு, செம்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில் கிழக்கே மேகம் எழுந்தது. இவ்வாண்டின் கடைசி மேகம் இது, விடிந்தால் கரையேறும், ஒரு பகல் முழுதும் கொட்டிவிட்டுப் போய்விடும் என்று கட்டுமரக்காரர்கள் சொன்னார்கள். விடிந்தால் சனி. ஊருணியில் கடைசிப் படியும் தெரிந்துவிட்டிருந்தது.

ஒபதியா நாத்தான் மூப்பரிடம் போனார். மூப்பர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"சூரியன் இறங்குறதுக்கு முன்னால அவுத்தா தடையில்ல. இறங்கினப்புறம் முடிச்ச அவுக்குறதும் வேலை, தொடக்கூடாது. அவுருன்னு நான் சொல்ல மாட்டேன், அவுக்காதேன்னும் சொல்ல மாட்டேன். கயிறு உன் பொறுப்பு."

ஒபதியா வீட்டுக்குப் போகவில்லை; சிம்ஹாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைப் பார்க்கக் கிளம்பினார். முடிச்சு இருப்பது முந்நூற்றுப் பதினோராவது கம்பத்தில். வழக்கமாக அங்கே போய்ச் சேரும்போது சூரியன் கோட்டைச் சுவருக்கு மேலே இரண்டு முழம் நிற்கும். அன்று அவர் முதல் கம்பத்தைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இரண்டாவது கம்பத்தின் அடிமண்ணை மிதித்து இறுக்கினார். ஐம்பதாவதில் இல்லாத பிசிறைத் தேடினார். நூறாவதில் உட்கார்ந்து காலில் தைக்காத முள்ளை எடுத்தார். மெதுவாக நடப்பது குற்றமன்று. பார்க்கும் வேலையைச் செவ்வையாகப் பார்ப்பது குற்றமே அன்று. சூரியன் தன் வழியில் இறங்கிவிட்டால், அவிழ்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அவிழ்க்க முடியாமற்போயிற்று என்றுதான் சொல்ல முடியும். இப்படி நினைத்துக்கொண்டு, நினைப்பதை நினைக்காதவர்போல் நடந்துகொண்டு, அவர் முந்நூறாவது கம்பத்துக்கு வந்தபோது சூரியன் கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டிருந்தது.

கடைசிக் கம்பத்தடியில் நாற்காலி இருந்தது. அதில் சிம்ஹா இருந்தாள். நாற்காலியைத் தூக்கிவந்த வேலம்மையும் வேறு மூன்று உப்பளப் பெண்களும் மூச்சிரைக்க நின்றார்கள்.

"நடை தளந்துபோச்சா, கயிறு நீண்டுபோச்சா?" என்றாள் சிம்ஹா.

"நீ ஏன் இங்க வந்த?"

"நான் வரலேன்னா நீங்க வந்து சேர மாட்டீங்கன்னுதான். சூரியன் விழுந்துட்டா முடிச்சத் தொடக் கூடாது. அதத்தான நம்பி ஊர்ந்துக்கிட்டு இருந்தீங்க?"

ஒபதியா கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏழு வருசம் அந்தச் சன்னலோரம் கெடந்த. திரும்பவும் அங்கேயே கெடன்னு, என் கையால இத அவுக்கச் சொல்றியா?"

"கெடக்க மாட்டேன். இப்பவே கூடத்துக்குப் போறேன். சூரியன் எறங்குறதுக்கு முன்னால உள்ள போயி உக்காந்துட்டா, அப்புறம் யாரு என்னைச் சொமக்கணும்? நாளைக்கு மூணு நட்சத்திரம் வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கேன். சோறு கட்டியாச்சு. துணைக்கு வேலம்மை இருக்கா."

ஒபதியா அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

"இத ஏன்," என்றார், "இத ஏன் ஒருத்தரும்..."

"கொச்சிக்கு எத்தனை கடுதாசி எழுதுனீங்க! சனிக்கிழமை எப்படித் தூக்குறது, சனிக்கிழமை எப்படித் தூக்குறதுன்னு. வெள்ளிக்கிழமைய ஒருத்தர் கேக்கலையே! நான் மட்டும் என்ன, பெரியவங்க பாத்துக்கிருவாங்கன்னு கெடந்தேன். இன்னைக்கு உச்சிவேளைலதான் எனக்கே உதிச்சது."

"அடப் பாவிகளா," என்றாள் வேலம்மை. "இதுக்கா ஊரையே ஒரு வருசம் செருப்பில்லாம நடக்க விட்டீக!"

உப்பளப் பெண்கள் சிரித்தார்கள். ஒபதியா சிரிக்கவில்லை.

"கூடம் கெடைக்கும்," என்றார். "தெரு?"

சிம்ஹா உடனே பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதில் தாமதித்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. கயிற்றுக்கு அப்பால் மேகம் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தெரு கெடைக்காதுதான்," என்றாள். "ஒரு வருசம் பாத்தேன்ல. மசமசன்னு நிக்காதீங்க, அவுருங்க."

ஒபதியா கம்பத்தில் ஏறினார். உப்புக் காற்றிலும் ஓராண்டு வெயிலிலும் முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்தது. பல்லால் இழுத்தார், இளகவில்லை. சூரியனில் பாதி சுவருக்குப் பின்னால் போயிற்று. வேலம்மை இடுப்பிலிருந்த அரிவாளை உருவினாள்.

"அறுக்காதே," என்று மேலிருந்து கத்தினார் ஒபதியா. "குத்தகைக்கு வாங்குன வீடு. உடைச்சுட்டுப் போகக் கூடாது, திறந்து விட்டுட்டுத்தான் போகணும்."

"அப்ப என்னைத் தூக்குங்க," என்றாள் சிம்ஹா.

நான்கு பெண்களும் நாற்காலியைத் தோளுக்கும் தோளுக்கு மேல் தலைக்கும் உயர்த்தினார்கள். சிம்ஹா கொண்டையூசியை உருவி முடிச்சின் வயிற்றில் நுழைத்து, நெம்பி, ஒரு புரியைத் தளர்த்தினாள். ஒபதியா அந்தப் புரியை இழுத்தார். அவள் அடுத்ததை நெம்பினாள். கடைசிச் சுற்றை அவிழ்த்தது அவள் விரல். கயிறு ஒரு பெருமூச்சோடு கம்பத்தின் தலையிலிருந்து நழுவியது. அந்தத் தளர்ச்சி அடுத்த கம்பத்துக்கும் அதற்கடுத்ததற்கும் ஓடியது. வாசலுக்கு வாசல் தொய்ந்துபோகும் ஓசை ஊரைச் சுற்றி ஒருமுறை போய் வந்தது. பெண்கள் நாற்காலியோடு ஓடினார்கள். சூரியனின் விளிம்பு மறைவதற்கு முன் சிம்ஹா கூடத்துக்குள் இருந்தாள்.

விடியலில் நாத்தான் மூப்பர் சுருளை விரித்தபோது மழை இறங்கியது.

கயிறு அவிழ்ந்த செய்தி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும் சனிக்கிழமை நனைவது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. வெளுத்த துணிகள் விரித்தபடி கிடந்தன, உப்பு திறந்தபடி கிடந்தது, குடையும் ஓலையும் யார் கையிலும் இல்லை. தெருவில் நின்றவர்கள் எல்லாம் அகப்பட்ட கூரைக்கு ஓடினார்கள். கீழத்தெருவில் பெரிய கூரை கூடத்தின் கூரைதான். முதலில் பூக்காரர் வந்தார், பிறகு சலவைக்காரர்கள், இரண்டு மரைக்காயர்கள், பாய் தைக்கும் ஊசியோடு ஒருவர், ஓர் ஆடு. கயிறு போனதறிந்து செருப்பு மாட்டியிருந்தவர்கள் வாசலில் கழற்றினார்கள். முன்வாசலில் மருதப்ப அம்பலம் ஓடிவந்தார். பக்கவாசலில் மேலத்தெருச் செல்லையா ஓடிவந்தார். கூட்டம் தள்ளியதில் இருவரும் ஒரே தூணடியில் நின்றார்கள்.

நாத்தான் மூப்பர் வாசிப்பை நிறுத்தினார். வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க," என்றார். "ஆட்ட மட்டும் அந்த ஓரமா."

பின்னல் தட்டிக்கு அப்பால், சுவரோரத்தில், சிம்ஹாவின் நாற்காலி இருந்தது. பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள், எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் வரவில்லை என்று ஒருத்தி தொடங்க, இன்னொருத்தி மறுக்க, சிம்ஹா தீர்ப்புச் சொன்னாள். ஒபதியா இந்தப் பக்கம் நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர்ந்த நகத்தை மற்றக் கையால் மூடியிருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் மூப்பர் மாடத்திலிருந்து பொது ரொட்டியை எடுத்தார். ஊரை ஒரே வீடாக்க வைத்திருந்த ரொட்டி. கயிறு போனபின் அது வெறும் ரொட்டி. புளிக்காத மாவில் சுட்டு மாதங்கள் ஆனது. முழங்காலில் வைத்து உடைத்தார். இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு சில்லு கிடைத்தது.

"இது ரொட்டியா, ஓடா?" என்றாள் வேலம்மை. "பல்லு போச்சு."

அம்பலம் தம் சில்லை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். "நல்ல மழை," என்றார், யாரிடம் என்று குறிக்காமல்.

"ம்," என்றார் செல்லையா.

கூரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தண்ணீர் திரண்டு கூடத்து வாசலைக் கடந்து ஓடியது. ஓடும்போது வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. தட்டிக்கு அப்பால் சிம்ஹா முதலடி எடுத்தாள். மறுநாள் காலை ஊருணி ஏழு படிகள் மட்டும் தெரிய நிரம்பியிருந்தது. அதில் அம்பலத்தின் செருப்பும் செல்லையாவின் செருப்பும் அருகருகே மிதந்ததாகச் சீனியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். கயிற்றை மீண்டும் யாரும் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் சிம்ஹாவைக் கூடத்தில் கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமைகளில், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழத்தெருவில் போகிறவர்கள் கூடத்தில் சற்று ஒதுங்கிவிட்டுத்தான் போனார்கள்.

துறைமுகத்து மரைக்காயர் குடும்பம் ஒன்றில் 1975இல் கேட்ட வடிவத்தில், முடிச்சை அவிழ்த்தவர் ஒபதியா ஒருவரே. சிம்ஹா அங்கு வரவில்லை. அவர் கூடத்துக்குள் அதன்பின் வருவதை நிறுத்திக்கொண்டு, சனிக்கிழமைகளில் வீட்டுச் சன்னலுக்கு வெளியே தெருவில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அது முடிகிறது. மற்றொன்றைக் கொச்சியில் 1981 தை மாதம் யெஹூதா என்ற முதியவர் சொன்னார். அவர் வடிவத்தில் ஒபதியாவும் சிம்ஹாவும் கடைசிக் கம்பத்தை அடைவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. முடிச்சு அப்படியே நின்றுவிடுகிறது. மறுநாள் மழை வாசலில் வந்து நிற்கிறது. ஓய்வுநாளில் வாசலுக்கு வந்த விருந்தைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று சிம்ஹா நாற்காலியைக் கயிற்றடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, மழையைப் பார்த்து, "நிக்காத, உள்ள வா," என்கிறாள். முந்நூற்றுப் பதினோரு வாசல் வழியாகவும் மழை தலைகுனிந்து உள்ளே வருகிறது. அந்த வடிவத்தில் கயிறு அவிழவே இல்லை. நாற்காலி அடுத்த சனிக்கிழமையும் தெருவழியே போகிறது, நனைந்துகொண்டு.